அண்ணி தூக்கிப் பிடித்த துண்டு

மைதான வாசலில் சோதனை போட்ட காவலாளி என் அண்ணியின் துண்டை இரண்டு கைகளாலும் விரித்து முன்பக்கம் பார்த்தான், பிறகு திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். அது ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறத்தில் இருந்த துண்டு. உப்பளத்து வெயிலில் வெளுத்து, என்ன நிறம் என்று சொல்ல முடியாத ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. ஓரமெல்லாம் உப்பு பூத்த வெள்ளைக் கோடுகள். "இது எதுக்குக்கா?" என்றான். "வேர்வ தொடைக்க" என்றாள் அண்ணி. "இல்லக்கா, பேனரு, எழுதின துணி எதுவும் உள்ள விடக் கூடாது." "அதுல என்னா எழுதியிருக்குது? படிச்சுச் சொல்லு, நானும் தெரிஞ்சிக்கிறேன்." அவன் சிரித்துவிட்டான். என் குடையையும் சில்லறைக் காசையும் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, "மழை வந்தா என்ன பண்றது?" என்று நான் கேட்டதற்கு, "இந்த வெயில்ல ஏதுக்கா மழை" என்று துண்டை அண்ணியிடம் நீட்டினான். அதில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரிந்த ஒரே ஒரு ஆள் அன்றைக்கு மைதானத்துக்குள் இருந்தான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

என் அண்ணி மரக்காணத்து உப்பளத்தில் பிறந்து உப்பளத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். நான் அவளுடைய நாத்தனார், வீட்டில் கடைக்குட்டி. பள்ளிக்கூடம் விட்ட நாட்களில் அவளோடு வரப்பில் நடந்து பழகி, பின்னால் படித்து, சென்னையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாளைக்கு முப்பது பேரையாவது நாற்காலியில் உட்காரவைத்து, தூரத்தில் தொங்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் வேலை. தூரத்தில் இருப்பதைப் பார்ப்பது பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

உப்பளத்தில் யாரையும் கத்திக் கூப்பிட முடியாது. கடற்காற்று வார்த்தையை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விடும். நாலு பாத்தி தள்ளி நிற்கிறவர் காதில் 'ஓ' என்ற சத்தம் மட்டும் விழும். அதனால் எங்கள் ஆட்கள் துண்டால் பேசுவார்கள். தலைக்கு மேல் சுழற்றினால் சாப்பிட வா. ஒரு கையில் தொங்கவிட்டு ஆட்டினால் மேஸ்திரி வருகிறார், சுறுசுறுப்பாக இரு. இரண்டு கைகளையும் உயர்த்தி நடுவில் துண்டை இழுத்துப் பிடித்து அசையாமல் நின்றால் மழை வருகிறது, அம்பாரத்தை மூடு. வாரிக் குவித்த உப்புக்குத்தான் அம்பாரம் என்று பெயர். அந்தச் சைகையைப் பார்த்ததும் காரணம் கேட்கக் கூடாது, வானத்தைக் கூடப் பார்க்கக் கூடாது, ஓட வேண்டும். தார்ப்பாயை இழுத்து மூடி முடித்ததும், மூடியவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு நிற்பார். மூடியாயிற்று என்று அர்த்தம். மற்ற ஊர்களில் தலையில் கை வைத்தால் எல்லாம் போயிற்று என்று பொருள். எங்கள் உப்பளத்தில் ஒன்றும் போகவில்லை என்று பொருள்.

ஏன் அசையாமல் நிற்க வேண்டும் என்று ஒருமுறை அண்ணியிடம் கேட்டிருக்கிறேன். "கானல்ல எல்லாமே ஆடிக்கிட்டுத்தான் இருக்குது. நாமளும் ஆடுனா கொக்குன்னு நெனச்சிட்டுப் போயிடுவான். ஆடாம நிக்கிறதுதான் கண்ணுல படும்" என்றாள். இதை எந்தக் கண்ணாடிக் கடையிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அண்ணிக்கும் கிரிக்கெட்டுக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணனுக்கோ அதுதான் மூச்சு. கல்யாணமான புதிதில் அவளைத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரவைத்து ஆட்டத்தைப் புரியவைக்கப் பார்த்தான். யாரோ பந்தைத் தூக்கி அடித்தார்கள். நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். அண்ணி சட்டென்று எழுந்து கொல்லைப் பக்கம் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "மழை வருதுன்னு அந்த ஆளு சொல்றான், இவனுங்க எதுக்குக் கை தட்டுறானுங்க?" என்று கேட்டாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சிக்ஸருக்குப் பெயர் மழை. "ஒரே ஓவர்ல ரெண்டு மழை" என்பான். அண்ணிக்கும் சிரிப்பு வரும், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டாள்.

அந்தச் சிரிப்பு ஒரு கோடையில் நின்றுபோயிற்று. அந்த வருடம் இருவரும் முதல்முறையாகச் சொந்தமாகச் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். நன்றாக விளைந்திருந்தது. அன்றைக்கு அண்ணி மேற்கே கால்வாய் ஓரத்தில் இருந்தாள். அம்பாரத்துக்குக் காவல் அண்ணன். பிற்பகலில் மேற்கே கறுத்தது. அண்ணி துண்டை இழுத்துப் பிடித்து நின்றாள். கொட்டகைக்குள் அண்ணன் கைப்பேசியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நிமிரவில்லை. அண்ணி நின்றாள். ஓடிப் போய்ச் சேர முடியாத தூரம். கை வலிக்க வலிக்க நின்றாள். மழை வந்து அவள்மேல் விழுந்தது, பிறகு உப்பின்மேல் விழுந்தது. அம்பாரம் கண் முன்னால் கரைந்து வாய்க்காலில் ஓடியது.

உப்பு போனதற்காக அவள் சண்டை போடவில்லை. உப்பளத்துக்காரர்களுக்கு மழை புதிதா என்ன? "நான் அவ்ளோ நேரம் நின்னேன். நீ ஒரு வாட்டி தலைய தூக்கிப் பாக்கல" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் ஏதோ சமாதானம் சொல்லப்போக, "போ, அந்த கிரவுண்டுலயே போய்ப் படுத்துக்க. அங்கேயே உனக்கு ஒரு வேல போட்டுத் தருவானுங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்வது எங்கள் குடும்ப வியாதி. அண்ணன் மறுநாள் காலை சென்னைக்குப் பஸ் ஏறினான். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் வரவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் நடுவில் தூது போக ஒரு ஆள் கிடைத்திருக்கும். அந்த வேலையும் எனக்கே வாய்த்தது.

ஒருநாள் என் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் வந்து நின்றான். இளைத்திருந்தான். பெரிய மைதானத்தில் ஒப்பந்த ஆளாகச் சேர்ந்திருப்பதாகச் சொன்னான். புல்லுக்குத் தண்ணீர் விடுவது, கயிறு கட்டுவது, மழை வந்தால் ஆடுகளத்தின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடுவது. மூடுகிற வேலை என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் டீயைப் பார்த்தான். "உங்க அண்ணிகிட்ட சொல்லாத பாப்பா" என்றான். அவன் தெருமுனை திரும்பியதும் அண்ணிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "பாப்பா, எனக்கு ஒரு டிக்கெட் எடு. இருக்கறதுலயே கடைசி சீட்டா பாத்து எடு."

நான் சம்பாதிக்கிறவள் என்ற மிதப்பில், "நல்ல சீட்டாவே எடுக்கறேன் அண்ணி, பக்கத்துல உக்காந்து பாக்கலாம்" என்றேன். "கிட்ட போனா அந்த ஆளு என்னைப் பாத்துடுவான். நான் பாக்கத்தான் வர்றேன், காட்டிக்க வர்ல" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "கிட்ட இருந்தா மூஞ்சிதான் தெரியும். எட்ட இருந்தாத்தான் ஆளு தெரியும்" என்றாள். எடுத்தேன். கிழக்கு மேல்தளம், கடைசி வரிசை. பிற்பகல் ஆட்டத்தில் வெயில் முகத்தில் நேராக அடிக்கும் என்பதால் அதுதான் இருப்பதிலேயே மலிவு.

அந்த உயரத்துக்குப் படி ஏறியவர்களுக்குத் தெரியும், அங்கிருந்து ஆட்டம் பார்ப்பது ஒருவிதமான நம்பிக்கை. பந்து தெரியாது. மட்டை சுழல்வது தெரியும், அது முடிந்து ஒரு கணம் கழித்துச் சத்தம் வரும், கீழ்த்தளத்து ஆட்கள் எழுந்தால் நாமும் எழுந்துகொள்ள வேண்டும். பெயர் அச்சடித்த சட்டை போட்டவர்களின் பெயர் அங்கிருந்து தெரியவே தெரியாது. சுற்றிலும் இருந்தவர்கள் செய்தித்தாளையும் அட்டையையும் நெற்றியில் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கித் திண்டாடினார்கள். அண்ணி மட்டும் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தாள். உப்பளத்தின் வெள்ளை வெளிச்சத்தில் இருபது வருடம் கண் திறந்து வேலை செய்தவளுக்கு இந்த வெயில் எம்மாத்திரம்!

நான் கடையிலிருந்து ஒரு தொலைநோக்கியைக் கடன் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். எதிர்ப்பக்கம், மேற்கு எல்லைக் கயிற்றுக்கு வெளியே, கூரை நிழலில், சுருட்டி வைத்த பெரிய தார்ப்பாய்க்குப் பக்கத்தில் ஒரே நிற பனியனும் தொப்பியுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திருகாணியைத் திருகித் திருகி ஒவ்வொரு முகமாகத் தேடி, "அதோ, இந்தக் கடைசில தண்ணி குடிக்கிறாரு பாருங்க, அண்ணன்" என்று நீட்டினேன். அவள் அதைக் கையால் கூடத் தொடவில்லை. "அது வேற யாரோ. அந்தப் பக்கத்துல இருந்து நாலாவது ஆளு" என்றாள். அவள் சொன்ன ஆள் மற்றவர்களைப்போலக் காலை நீட்டிக்கொள்ளாமல் குந்தி உட்கார்ந்திருந்தான். இடைவேளையில் எல்லோரும் எழுந்து புல்லின் குறுக்கே நடந்தபோது எனக்கே சந்தேகம் தீர்ந்தது. அவ்வளவு அகலமான மைதானத்தில் அவன் ஒருவன் மட்டும் ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு காலை வைத்து நடந்தான். வரப்பில் நடக்கிறவனுடைய நடை அது. இரண்டு பக்கமும் அவனுக்கு இன்னும் உப்புத் தண்ணீர் இருந்தது. அண்ணி வாயைத் துண்டால் மூடிக்கொண்டாள்.

இரண்டாவது பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எங்கள் முதுகில் அடித்துக்கொண்டிருந்த கடற்காற்று நின்றது. யாரும் கவனிக்கவில்லை. அண்ணி நிமிர்ந்தாள். எதிர்ப்பக்கத்துக் கூரைக்கு மேலே, மேற்கில், கறுப்பாக ஒரு கோடு. அது மேல்தளத்துக் கடைசி வரிசையிலிருந்து மட்டும் தெரிகிற கோடு. கீழே குளிர்சாதன அறைகளில் இருந்தவர்களுக்குத் தெரியாது. கூரைக்கு அடியில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்த தார்ப்பாய் ஆட்களுக்குத் தெரியவே தெரியாது. மலிவு டிக்கெட் எடுத்த எங்களுக்கு மட்டும் வானம் முழுதாகக் கிடைத்திருந்தது.

"கால் மணி நேரம் கூட இல்ல" என்றாள். பிறகு, "நனையட்டும், நமக்கென்ன" என்றாள். துண்டை மடியில் வைத்து முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள். "பாப்பா, அந்த நடுவுல இருக்கற எடம் நனைஞ்சா பாழாப் போயிடுமா?" நான் ஆமாம் என்றேன். ஈரமானால் ஆட முடியாது, அவ்வளவு பேரும் ஏமாந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றேன். "மூடாத ஆளுன்னு ஏற்கெனவே ஒரு பேரு இருக்குது உங்க அண்ணனுக்கு. நான் குடுத்த பேருதான். இன்னொரு வாட்டி வேணாம்" என்றாள். நான், "போன் போட்டா எடுக்க மாட்டாரு அண்ணி, வேலை நேரத்துல வாங்கி வெச்சிடுவாங்களாம்" என்றேன். "போனெல்லாம் எதுக்கு?" என்று எழுந்தாள். எழுந்தவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள்: "இந்த வாட்டியும் பாக்கலன்னா அவ்ளோதான் பாப்பா. அப்புறம் நான் எங்கேயும் வரமாட்டேன்."

இரண்டு கைகளையும் உயர்த்தினாள். நடுவில் துண்டு விறைப்பாக நின்றது. கடைசி வரிசையில் ஒரு வசதி, மறைக்கிறது உட்கார் என்று கத்த பின்னால் ஆள் கிடையாது. பக்கத்தில் முகத்துக்குச் சாயம் பூசியிருந்த ஒருவர் மட்டும், "அக்கா, சிக்ஸு இல்லக்கா. அது சும்மா டொக்கு, தட்டித்தான் வெச்சான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அடுத்த பந்து, அதற்கடுத்த பந்து. நடுவில் உண்மையாகவே ஒரு சிக்ஸர் போயிற்று; தளம் முழுவதும் கைகள் எழுந்து கொடிகளும் துணிகளும் ஆடின. அந்த ஆட்டத்தின் நடுவில் அவள் துண்டு எங்கே என்று பக்கத்திலிருந்த எனக்கே தெரியவில்லை. பிறகு எல்லாக் கைகளும் இறங்கின, எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆடாமல் நின்றது அது ஒன்றுதான்.

ஒரு ஓவர் முடிந்தது. அவள் முழங்கைகள் நடுங்கத் தொடங்கின. "குடுங்க அண்ணி, நான் கொஞ்சம் பிடிக்கறேன்" என்றேன். "நீ புடிச்சா அது நீ புடிச்சதா இருக்கும்" என்றாள். நான் தொலைநோக்கியை நாலாவது ஆளின்மேல் வைத்துக்கொண்டு, பார், பார், தலையைத் தூக்கு என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில் வேறு எவருக்கும் அன்றைக்கு இப்படி ஒரு ஆட்டம் நடந்திருக்காது.

நாலாவது ஆள் எழுந்தான். தொப்பியைக் கழற்றினான். எங்கள் பக்கம் பார்த்தபடி ஒரு கணம் நின்றான், பிறகு ஓடிப்போய்த் தார்ப்பாயின் கயிற்றைத் தோளில் போட்டு ஒரு காலை முன்னால் ஊன்றிக்கொண்டான். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. உடனிருந்தவர்கள் சிரிப்பது எனக்குத் தெரிந்தது. அவர்களுடைய மேற்பார்வையாளர் வந்து கையை நீட்டித் திட்டுவது தெரிந்தது. அண்ணன் வானத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதானே எங்கள் வழக்கம். எங்கள் கடைசி வரிசையைக் காட்டி ஏதோ சொன்னான். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் மேற்கிலிருந்து மண்வாசனையோடு ஒரு காற்று வந்து அவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. அத்தனை பேரும் கயிற்றுக்கு ஓடினார்கள். நடுவர் கை காட்டியபோது தார்ப்பாய் எல்லைக் கோட்டில் விரியத் தயாராக இருந்தது. முதல் பெரிய துளிகள் ஆடுகளத்தின்மேல் விழவில்லை. தார்ப்பாயின்மேல் விழுந்த சத்தம் எங்களுக்கே கேட்டது.

மைதானம் காலியாயிற்று. ஆட்டக்காரர்கள் போனார்கள், மற்ற ஆட்களும் கூரைக்கு அடியில் ஓடினார்கள். மழைக்குள் அண்ணன் மட்டும் தார்ப்பாயின் ஓரத்தில் நின்றான். எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டான். "ஐயோ பாவம், தலைல கை வெச்சிட்டான். மேட்ச் போச்சேன்னு எவ்ளோ வருத்தம் பாருங்க அந்த ஆளுக்கு" என்றார் சாயம் பூசியவர். அவர் முகத்தில் சாயம் வழிந்து ஓடியது. அண்ணி மெதுவாகக் கையை இறக்கினாள். அழுதாளா சிரித்தாளா என்று அந்த மழையில் சொல்ல முடியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "மூடிட்டானாம்" என்றாள் என்னிடம். பிறகு அதையே இன்னொரு முறை சொன்னாள். "பாத்துட்டான் பாப்பா. மூடிட்டானாம்."

மழை விடவேயில்லை. புல்வெளியெல்லாம் குளமாகி ஆட்டம் கைவிடப்பட்டது. ஆடுகளம் மட்டும் பொட்டு ஈரமில்லாமல் இருந்ததாகப் பிறகு அண்ணன் பெருமையடித்துக்கொண்டான். வேலையாட்கள் வெளியே வரும் சின்ன வாசலில் காத்திருந்தோம். சொட்டச் சொட்ட வந்தான். ஒரு வருடத்து மௌனத்தை எப்படித்தான் உடைப்பார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். "மொதல்லயே பாத்துட்டேன். நெசமான்னு தெரியாம ஒரு ஓவர் யோசிச்சிட்டேன். கை வலிக்குதா?" என்றான். "வலிக்குது" என்றாள் அண்ணி. "அன்னிக்கு நின்னதவிட கம்மிதான்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் துண்டை அவள் யாருக்கும் தந்து நான் பார்த்ததில்லை. நான் மழையில் நனைந்து நின்றால்கூட முந்தானையைத்தான் நீட்டுவாள். அதைப் பிழிந்து, உதறி, அவனிடம் கொடுத்தாள். "தலைய தொவட்டு. சளி புடிக்கும்" என்றாள்.

அண்ணன் ஊருக்குத் திரும்பிவிட்டான். ஆட்டம் இருக்கும் நாட்களில் மட்டும் மைதானத்துக்கு வருகிறான். காற்று நிற்பதை முதலில் கண்டுபிடிக்கிற ஆள் என்று இப்போது அங்கே அவனுக்குப் பெயர். அண்ணி அதற்குப் பிறகு வந்ததே இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்றாம். எனக்கு ஒருமுறை கடை முதலாளி கீழ்த்தளத்துச் சீட்டு ஒன்று கொடுத்தார். ஆட்டக்காரர்களின் தாடி முடிகூடத் தெரிந்தது, வானம் தெரியவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வருடம் பழைய இடத்துக்கே டிக்கெட் எடுத்தேன். வாசலில் சோதனை போட்டார்கள். என் பையில் துண்டு இல்லை, கொண்டுபோக வேண்டும் என்று தோன்றவுமில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்தேன். குந்தி உட்கார்ந்திருந்த ஆள் ஒருவன்தான். கண்டுபிடிக்கத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. சீருடைப் பனியனுக்கு மேலே கழுத்தில் நிறம் சொல்ல முடியாத அந்தத் துண்டு. வானம் துடைத்து வைத்ததுபோலத் தெளிவாக இருந்தது, மழைக்கு வழியே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் அவன் தலையைத் தூக்கி எங்கள் வரிசையைப் பார்த்தான். அண்ணி அங்கே வரமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும், காலையில் அவள் கட்டிக்கொடுத்த சோற்றைத் தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறியிருப்பான். இருந்தும் பார்த்தான். நான் எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினேன். அவன் பார்வை என்னைத் தாண்டிப் போய்விட்டது. ஆட்டக் கூடாது என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.